கல்வெட்டுக்களில் அந்தராயம்

சிவாலயங்களின் கருவறைப் புறச்சுவர்களிலும் திருச்சுற்று மாளிகைகளிலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களைப் பயில்வோர், முதற் குலோத்துங்க சோழன் காலந்தொட்டு ஒரு சொல்லைப் பல இடங்களில் எதிர்ப்படுவர். அஃது 'அந்தராயம்' என்பது. திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் திருநந்தவனத்துக்கும் விடப்பட்ட நிலத்தை எல்லை கூறி வரையறுத்தபின், அந்நிலம் அந்தராயம், பாட்டம் உட்பட இறையிலி என்று அவ்வாவணங்கள் முடியும். சமய நூற் பயிற்சியுடையார்க்கு இச்சொல் புதியதன்று. ஆயினும் அவர் அறிந்த பொருள் வேறு. கல்வெட்டு எழுதினோர் கருதிய பொருள் வேறு. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து ஓர் அறக்கட்டளையின் தன்மையே பிறழ உணரப்படும்.

வடநூல்களில் அந்தராயமென்பது இடையூறு. பதஞ்சலி முனிவர் தம் யோகசூத்திரத்து முதற் பாதத்தில், நோய், ஐயம், மடி முதலாகச் சித்தத்தைச் சிதறச் செய்வன ஒன்பதனை அந்தராயம் என்னும் பெயரால் எண்ணினர். சைன நூலோர் வினைகளை எட்டாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றற்கு அந்தராயம் எனப் பெயரிட்டனர். அதனை மீண்டும் ஐந்தாகப் பகுத்து, ஈகைக்குத் தடையாய் நிற்கும் வினையைத் தான அந்தராயம் என்றனர். இப்பொருளையே உள்ளத்துட் கொண்டு கல்வெட்டை நோக்குவார், 'அந்தராயம் உட்பட இறையிலி' என்பதனை 'இடையூறு யாதுமின்றி இறையிலி' என்று கொள்ளல் கூடும். அங்ஙனம் கொள்ளின் அஃதொரு மங்கல வாய்பாடாகவே முடிந்து, அதனுள் அடங்கிய வழக்கும் கணக்கும் மறைந்துபோம்.

சொல்லின் அமைப்பை நோக்குவோம் எனின், அந்தர் என்பதும் ஆயம் என்பதும் சேர்ந்து இஃதாயிற்று. ஆயமென்பது வந்து சேர்வது, அதனால் வருவாய். இடையூறு என்னும் பொருளிலும் 'இடையே வருவது' என்பதே அடிப்படை. ஆகலின் இரு பொருளும் ஒரு வேரினின்றே கிளைத்தனவாம். தமிழ் வழக்கில் ஆயமென்பது தனித்து நின்று சுங்கத்தையும் அரசிறையையும் உணர்த்தும். சுங்கம் கொள்ளுமிடம் ஆயத்துறை எனப்பட்டது. காசாகப் பெறும் வரி காசாயம் எனப்பட்டது. இவ்வினத்தைச் சேர்ந்த சொல்லாகவே அந்தராயத்தைக் கொள்ளல் வேண்டும். அதன் நேர்பொருள் உள்வருவாய் என்பதாம். குடிகளின் விளைவுக்கும் அவர்தம் வாய்க்கும் இடையே வந்து நிற்றலின் இடையூறென்னும் பொருளே இதற்கும் பொருந்தும் என்று நகையாடுவாரும் உளராகலாம். வரி கொடுப்போர் அங்ஙனம் கூறுதல் இயல்பே. ஆனால் வரி கொள்ளும் திணைக்களத்தார் தம் பொத்தகத்தில் தாம் கொள்ளும் பொருளுக்கு 'இடையூறு' எனத் தலைப்பெழுதியிரார்.

உள்வருவாய் என்ற கருத்தும் புதிதன்று. 1909இல் அச்சில் வெளிவந்த கௌடிலியரது அருத்தசாத்திரத்தில், பண்டாரம் காப்போன் அகவருவாய், புறவருவாய் இரண்டையும் நெடுங்காலம் கடந்து வினவினும் விடைகூற வல்லனாதல் வேண்டுமென்ற விதி காணப்படுகிறது. ஆண்டு அகமென்பது நகரையும் புறமென்பது நாட்டுப்புறத்தையும் குறிக்கும். சோழநாட்டு அந்தராயமோ இப்பாகுபாட்டோடு ஒத்ததன்று. ஈண்டு 'உள்' என்றது ஊரும் நாடுமாகிய உள்ளிடங்களை. ஆண்டாண்டுள்ள சபையாரும் ஊராரும் நாட்டாரும் குடிகளிடம் தண்டும் வருவாயே அந்தராயம் எனப்பட்டது. நிலத்தின் விளைவில் நெல்லாக அளக்கப்படும் கடமை தலையாய இறை. அதற்குமேல் பெரும்பாலும் காசாகப் பெறப்படுவது அந்தராயம். ஆகவே அதனை மேல்வரி எனினும் அமையும்.

இவ்விடத்து வேறிரு சொற்களை இதனோடு மயங்காமை வேண்டும். 'உள்வரி' என்பதும் கல்வெட்டுக்களில் வருகிறது. ஒலியும் பொருளும் ஒத்ததுபோல் தோன்றுதலின் அந்தராயத்தின் தமிழாக்கமே அஃதென்று கருதத் தோன்றும். உள்வரி வரியன்று, அரசன் இறையிலியாக்கிய நிலத்தை வரிக்கணக்கில் மாற்றி எழுதிக் கொடுக்கும் ஆவணம். மற்றொன்று 'புரவு'. நிலவரித் துறைக்குப் புரவுவரித் திணைக்களம் என்பது பெயர். இதனைப் 'புறம்' என்பதன் திரிபாகக் கொண்டு, புறவரி, உள்வரி என இணைகூட்டுவது பொருந்தாது. இடையின ரகரமும் வல்லின றகரமும் வேறு வேறு.

சோழர் கல்வெட்டுக்களில் வரிகளையும் கட்டணங்களையும் உணர்த்தும் பெயர்கள் 400க்கு மேற்பட்டன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து 1972இல் கட்டுரை வெளியிட்ட நொபொரு கராஷிமா, சீதாராமன் என்னும் இருவரின் உழைப்பால் இத்துறை பெரிதும் தெளிவுற்றது. அப்பெயர்களுட் பல ஓரிரு இடங்களில் மட்டுமே வருவன. வெட்டி, எச்சோறு, கடமை, குடிமை, அந்தராயம் முதலிய சிலவே மிகுதியாகப் பயில்வன. இவற்றுள்ளும் கால வேறுபாடு உண்டு. எச்சோறு முற்பட்ட சோழர் காலத்தில் மிகுதி. கடமை, குடிமை, அந்தராயம் என்பன முதற் குலோத்துங்கன் பட்டமெய்திய 1070க்குப் பின்னர்ப் பெருகுவன. முன்னைச் செப்பேடுகள் நாடாட்சி, ஊராட்சி, வட்டிநாழி, கண்ணாலக்காணம், வண்ணாரப்பாறை, குசக்காணம், தறிப்புடவை, தட்டார்ப்பாட்டம், ஆட்டுக்கிறை, ஓடக்கூலி என ஒவ்வொன்றனையும் பெயர் கூறி அடுக்கும். திருமணத்துக்கு ஒரு காசு, வண்ணான் துணி துவைக்கும் கல்லுக்கு ஒரு காசு, குயவன் திகிரிக்கு ஒரு காசு, ஓடத்துக்கு ஒரு கூலி என்னும் இவற்றைப் படிப்பார்க்கு அக்காலத்து ஊர் முழுமையும் கண்முன் தோன்றும். பின்னைக் காலத்துக் கணக்கரோ இத்துணை விரிவை விரும்பாராய்ப் பொதுப்பெயர்களால் தொகுத்தெழுதத் தலைப்பட்டனர். அந்தராயமென்பது அங்ஙனம் பரவிய பெயர்களுள் ஒன்று.

இச்சொல்லின் ஆற்றலைத் தெளிவாகக் காட்டும் சான்று, வியப்புறத்தக்க வகையில், சைவக் கோயிலொன்றனைச் சார்ந்ததன்று. நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியைச் சார்ந்தது. கடாரத்தரசன் சூளாமணிவர்மன் பெயரால் எடுக்கப்பெற்ற அப்பள்ளிக்கு, சிவபாதசேகரன் எனப் பெயர்பூண்ட முதல் இராசராச சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவன் மறைந்தபின் அவன் மகன் முதல் இராசேந்திரன் அக்கொடை நிலைபெறுமாறு செப்பேட்டில் பொறிப்பித்தான். ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டமையின் அவ்வேடுகள் பெரிய லெய்டன் செப்பேடு என வழங்குகின்றன. ஆனைமங்கலத்து நிலம் 97 வேலியும் சில மாவுங் காணியுமாம். அதனால் வரும் இறைநெல் 8,943 கலமும் இருதூணிக் குறுணி ஒருநாழியுமாம். வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் என்னும் கணக்கில், நாழியளவுங் குறையாமல் அரசனது இறை பள்ளிக்கு உரியதாயிற்று. இதற்குமேற் கொடுக்க என்ன எஞ்சியிருந்தது என்று வினவத் தோன்றும்.

எஞ்சியிருந்தது என்பதனைச் சிறிய லெய்டன் செப்பேடு உணர்த்துகிறது. முதற் குலோத்துங்கன் தன் 20ஆம் ஆட்சியாண்டாகிய 1090இல், ஆயிரத்தளியான ஆகவமல்லகுலகாலபுரத்துக் கோயிலினுள்ளே, திருமஞ்சனசாலையில், காலிங்கராயன் என்னும் பள்ளிப்பீடத்தில் எழுந்தருளியிருந்தகாலை, கடாரத்தரசன் தூதுவராகிய இராசவித்தியாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் ஒரு விண்ணப்பஞ் செய்தனர். நாகப்பட்டினத்துப் பெரும்பள்ளிகளுக்குரிய பள்ளிச்சந்த ஊர்களில் அந்தராயமும், வீரசேஷையும், பன்மை பண்டை வெட்டியும், குந்தாலியும், சுங்கமேராவும் தவிர்க்கப்படல் வேண்டுமென்பது அவ்விண்ணப்பத்தின் ஒரு பகுதி. அரசன் அங்ஙனமே தவிர்த்து ஆணையிட்டான். இங்குக் கருதத்தக்கவை பல.

முதலாவது, இறை முழுதும் பள்ளிக்கு அளிக்கப்பட்டு 84 ஆண்டுகள் கழிந்தபின்னும் அவ்வூர்களில் அந்தராயம் தண்டப்பட்டே வந்தது. ஆகவே இறை வேறு, அந்தராயம் வேறு. ஒன்றனை விட்டுக்கொடுத்தமையால் மற்றதும் விடப்பட்டதென்று அக்காலத்தார் கருதினாரல்லர். இரண்டாவது, தவிர்க்க வேண்டினவற்றுள் முதற்கண் வைத்து எண்ணப்பட்டது அந்தராயமே; கனத்தால் அதுவே மிக்கதாதல் வேண்டும். மூன்றாவது, வெட்டி தனியே எண்ணப்பட்டுள்ளது. வெட்டியென்பது கூலியின்றிச் செய்யும் ஊழியம். அது புறம்பே நிற்றலின், உடலுழைப்பாகக் கொள்ளப்படுவன அந்தராயத்தில் அடங்கா என்பதும், பொருளாகத் தரப்படுவதே அதுவென்பதும் பெறப்படும். நான்காவதே சிறப்புடையது. அந்தராயம் ஊராரும் நாட்டாரும் தமக்கெனத் தண்டிக்கொள்ளும் வரி, அரசனுக்கு அதில் தொடர்பில்லை என்று கூறுவாருளர். அங்ஙனமாயின் கடல்கடந்த நாட்டுத் தூதர் அதன் நீக்கத்தை அரசன்பால் வேண்டுவானேன்? ஊரார்பாலன்றோ வேண்டுவர். தண்டுவோர் ஊராராயினும், அஃது அரசாணையால் விலக்கத்தக்கது என்பதே இச்செப்பேட்டால் துணியப்படும்.

சுங்கமேரா என்பதும் நோக்கற்பாலது. சுங்கந் தவிர்த்த சோழன் என்று உலகம் போற்றும் அரசன் இவனே. அவன் ஆட்சியிலேயே சுங்கத்தைச் சார்ந்ததொன்று தனியாணையால் விலக்கப்பட வேண்டியிருந்ததெனின், அப்புகழ்ப்பெயரை எழுத்தெண்ணிப் பொருள்கொள்ளுதல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பது புலனாம். மேலும் இவ்விண்ணப்பத்துக்கு நான்காண்டு முன்னர், 1086இல், இவன் நாட்டை அளப்பித்தனன். புதிய அளவை, புதிய பொத்தகம், புதிய வரிப்பெயர்கள் என இவை ஒன்றையொன்று தொடர்ந்தன என்று கருத இடமுண்டு.

இனி, பள்ளிச்சந்தத்துக்கு உற்றது தேவதானத்துக்கும் உறும். தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுக்களில் உடையார்க்கு அளிக்கப்பட்ட ஊர்களின் கணக்கு மிக்க தெளிவுடையது. ஒவ்வோரூரிலும் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, ஸ்ரீகோயில்கள் முதலியன நின்ற நிலம் இறையிலியாகக் கழிக்கப்படும். எஞ்சிய நிலத்துக்கு இறைகட்டின காணிக்கடன் இவ்வளவென்று, இராசகேசரியோடொக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கும்படி, பெரும்பாலும் வேலிக்கு 100 கலத்தை ஒட்டி எழுதப்படும். அம்பலத்தாடுவான் திருப்பெயரே அளக்குங் கருவிக்குப் பெயராயிற்று. இக்கணக்கால் ஓருண்மை விளங்கும். தேவதான ஊரில் இறை ஒழிந்ததன்று; இறை கொள்ளும் கை மாறியது. அரசன் பண்டாரத்துக்குச் சென்ற நெல் உடையார் பண்டாரத்துக்கு வந்தது. இறையென்னும் சொல் அரசனையும், அவன் கொள்ளும் பொருளையும், எல்லாவுயிர்க்கும் தலைவனாகிய முதல்வனையும் ஒருங்கே உணர்த்தும் தமிழ் வழக்கு ஈண்டு மிக இயைந்து நிற்கின்றது. உழுதவனோ முன்போல் அளந்துகொண்டேயிருந்தான்.

ஆகவே இறையிலி என்னும் ஒரு சொல்லுக்குள் மூவகை நிலைமை அடங்கியுள்ளன. சுடுகாடும் வாய்க்காலும் போல இயல்பாகவே இறை இறுக்காத நிலம் ஒன்று. அரசனுக்கிறுக்கும் இறை கோயிலுக்கு மாற்றப்பட்ட நிலம் மற்றொன்று. மூன்றாவது, அரசனுக்கு இறை சென்றுகொண்டேயிருக்க, அதனை ஊராரே தம்மேல் ஏற்றுக்கொண்டு செலுத்த, கோயிலளவில் இறையற்றதாய் நின்ற நிலம். இதனையே ஊர்க்கீழ் இறையிலி என்றனர். ஓர் அடியார் சபையாரிடம் நிலம் விலைக்குக் கொண்டு திருவிளக்குக்கு விடும்போது, விலைத்திரவியம் ஒன்றும் இறைத்திரவியம் ஒன்றுமாக இருவேறு பொருள் கொடுத்தமையைப் பல கல்வெட்டுக்கள் கூறும். முன்னது நிலத்தின் விலை. பின்னது, அந்நிலத்தின் மேல் ஆண்டுதோறும் வரும் இறையைச் சபையாரே இறுத்து வருதற்கு முதலாக வைத்த பொருள். அப்பொருளின் பலிசையால் இறை இறுக்கப்படும். இது மிகச் சீரிய ஏற்பாடே. ஆனால் இறை இவ்வளவென்று அறியப்பட்ட நாளில் கணக்கிட்டு வைத்த முதல், பின்னாளில் புதிய மேல்வரிகள் வந்து ஏறியபோது போதாதாகும். அப்போது சபையார் என் செய்வர்? தம் கைப்பொருளை இடல் வேண்டும். அன்றேல் கோயிலின்மேற் சுமத்தல் வேண்டும். கோயிலின்மேற் சுமத்தின் விளக்கு நெய் குறையும், திருவமுதரிசி குறையும். நிலமாகக் கொடாது, விளக்கொன்றுக்குச் சாவா மூவாப் பேராடு 96 என ஆடுகளாக விட்டவர் இக்கவலைக்கு அத்துணை ஆளாகவில்லை போலும். ஆட்டுக்கிறை என்றொன்று அங்கும் உண்டெனினும்.

அந்தராயம் உட்பட என்னும் தொடர் ஆவணங்களில் இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே. பட்டறிவால் வந்த எச்சரிக்கை அது. வெறும் இறையிலி என்றெழுதினால் கடமை மட்டுமே நீங்கும், உள்வரவு நிற்கும் என்பதனை அறிந்த கணக்கர், அந்தராயத்தையும் பாட்டத்தையும் பெயர் சொல்லி அடக்கினர். அதற்கும் அடங்காதன உளவோவென ஐயுற்று, மற்றும் எப்பேர்ப்பட்டனவும் என்று முத்தாய்ப்பு வைத்தனர். ஆகலின் தேவதானக் கல்வெட்டொன்றைப் படிப்போர், இறையிலி என்னுஞ் சொல்லைக் கண்ட அளவில் நின்றுவிடாது, அந்தராயம் உள்ளடக்கப்பட்டதா, புறத்தே விடப்பட்டதா என்று நோக்குதல் வேண்டும். முன்னதாயின் கொடை நிறைவுடையது. பின்னதாயின், கோயிலோ குடியோ யாரோ ஒருவர் அதனைத் தொடர்ந்து இறுத்தே வந்தனர் என்க. மன்னர் கோயில் நிலங்களை எல்லா வரியினின்றும் நீக்கிவிட்டனர் என்று போற்றுவாரும், அங்ஙனம் நீக்கியமையாற் குடிகள் வரியின்றி வாழ்ந்தனர் என்று கொள்வாரும் இவ்வோரிடத்தில் இடறுவர். அந்தராயம் தவிர்க்கப்பட்டதென்னும் பல இடங்களில் அது கோயிலுக்கு வருவாயாக்கப்பட்டதென்பதே உண்மை. குடிகள் கொடுத்தது நின்றிலது.

இரண்டாங் குலோத்துங்கன் அவைக்கண் அமைச்சராயிருந்து திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் காலமும் இச்சொல் பெருகி வழங்கிய காலமே. நாட்டின் வரிப்பொத்தகங்களை ஆராயும் பணி அமைச்சர்க்கும் உரியதாகலின், அந்தராயம் என்னுஞ் சொல்லை அவர் இரு பொருளிலும் அறிந்திருப்பர் எனல் மிகையாகாது.

பாண்டியர் மேலோங்கிய 13ஆம் நூற்றாண்டில் இச்சொல்லின் இடம் சிறிது மாறுகிறது. சுந்தர பாண்டியர்களின் ஆவணங்களில் கடமையை அடுத்து அந்தராயமும், அதனை அடுத்து விநியோகமும், தருவதான அச்சும், காரியவாராய்ச்சியும், வெட்டிப்பாட்டமும், பஞ்சுபீலியும், சந்திவிக்கிரகப்பேறும், வாசற்பேறும், இலாஞ்சினைப்பேறும், தறியிறையும், செக்கிறையும், தட்டொலிப்பாட்டமும், இடையர்வரியும், பொன்வரியும் ஒழுங்காக அடுக்கப்படும். கணக்கை ஆராய்வார்க்கு ஒரு கட்டணம், முத்திரையிடுவார்க்கு ஒரு கட்டணம், வாயில் காப்பார்க்கு ஒரு கட்டணம் என அலுவலரைப் புரக்கும் செலவெல்லாம் ஊரின்மேல் ஏறியவாற்றை இப்பட்டியல் காட்டும். இங்கே அந்தராயம் பலவற்றைத் தொகுக்கும் பொதுப்பெயரா, பலவற்றுள் ஒன்றா என்னும் வினா எழும். பின்வருவனவற்றைத் தனித்தனி பெயர் கூறுதலின், இவ்வாய்பாட்டளவில் அது தனியொரு வரியாகவே நின்றதெனக் கொள்ளல் பொருந்தும். முன்னர்த் தொகைப்பெயராய்ப் பரந்து நின்ற சொல் நாளடைவில் வரையறைப்பட்டு ஒரு வரிக்குப் பெயராய்ச் சுருங்குதல் வரிவழக்கில் அரிதன்று.

விசயநகரத்தார் ஆட்சியில் அந்தராயமென்னும் பெயர் மெலிந்து, சோடி முதலிய புதுப்பெயர்கள் தலையெடுத்தன. சோடியென்பது இறையிலி நிலத்தின்மேல் வைக்கப்பட்ட இலேசான வரி. இலேசானதாயினும் வரி வரியே. கிருட்டிண தேவராயர் 1517-18இல், சோழமண்டலத்துச் சிவாலயங்களும் திருமால் கோயில்களும் இறுத்துவந்த சோடி, சூலவரி முதலியவற்றை நீக்கி, 10,000 வராகன் வருவாயை அவ்வக்கோயில்களுக்கே விட்டுக்கொடுத்தார். சோழர் காலத்திலேயே இறையிலியாக விடப்பட்டுக் கல்லிலும் வெட்டப்பட்ட நிலங்கள் பல, இவ்வாணைக்கு முன்னர் மீண்டும் வரி இறுத்துக்கொண்டிருந்தன என்பது இதனாற் பெறப்படும். அவ்வாணையின் படிகள் சோழமண்டலத்துக் கோயில்கள் பலவற்றிலும் தனித்தனியே பொறிக்கப்பெற்றுள்ளன.